கரண்டி விழும் இடம்

இரண்டு நிமிடம் பன்னிரண்டாவது வினாடியில் கரண்டி விழும். ஞாயிற்றுக்கிழமை காலை பல் டாக்டரின் கிளினிக்கில் கூடியிருந்த எல்லோருக்கும் அது மனப்பாடம். யார் தலையில் ஹெட்ஃபோன் ஏறினாலும் மற்றவர்கள் ஒரு கண்ணால் சுவர்க் கடிகாரத்தையும் மறு கண்ணால் அவர் கழுத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கரண்டி விழுந்ததும் கேட்டவர் தன்னை மறந்து இடது தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டால் அந்த ஹெட்ஃபோன் தேறிவிட்டது. திரும்பாவிட்டால், அது எப்பேர்ப்பட்ட சரக்காக இருந்தாலும், "தலைக்குள்ளயே விழுதுப்பா" என்று ஒரே வார்த்தையில் ஓரங்கட்டிவிடுவார்கள்.

அந்தக் கரண்டியைக் குழுவுக்குக் கொண்டுவந்தவர் லிஃப்ட்காரர். பழைய கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். தரைத்தளத்தில் கைகட்டி நின்றபடியே, ஆறாம் மாடிக்கு மேல் ஓடும் மோட்டாரில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட காதுக்கு ஹெட்ஃபோன் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியமில்லை. ஆறு வருஷத்துக்கு முன் காதில் சொருகிக்கொள்ளும் ஜோடி மைக் ஒன்றை வாங்கினார். பார்ப்பதற்கு அச்சு அசல் இயர்ஃபோன். ஆனால் அதில் பாட்டுக் கேட்க முடியாது. காதுக்கு வந்து சேரும் சத்தத்தை வந்தது வந்தபடி பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு நல்ல ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்டால் அந்த அறைக்குள்ளேயே போய் உட்கார்ந்தது போல் இருக்கும். வாங்கிய அன்றே அதை மாட்டிக்கொண்டு தன் வீட்டுச் சமையலறையில் ஸ்டூலைப் போட்டு அமர்ந்தார். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் குழாய், முன்னால் அலமாரி, முதுகுக்குப் பின்னால் இடப்பக்கமாக அடுப்பு மேடை. அவள் குழாய்க்கும் மேடைக்கும் நடந்துகொண்டே பேசினாள். அதில் இரண்டு நிமிடம் நாற்பது வினாடியை வெட்டி எடுத்து, "சமையலறை" என்று பெயர் வைத்துக் குழுவில் எல்லோருக்கும் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் பெயர் "கரண்டி சார்". வீட்டில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயரும் தெரியாது, அது வந்த வழியும் தெரியாது.

ஏழு பேர் மெனக்கெட்டுக் கூடி, ஒருவரோடொருவர் பேசாமல் உட்கார்ந்திருக்கும் சங்கம் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று அவள் கேலி செய்வாள். அது உண்மைதான். நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளில், ஈறு நோய்ப் படங்களுக்குக் கீழே, ஆளுக்கொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். அடுத்தவர் பொருளைத் தொடுமுன் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் காதைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்பது டாக்டர் போட்ட சட்டம். எல்லார் காதும் குளிர்ந்துபோய்ச் சிவந்திருக்கும்.

அன்றைக்குப் பட்டறைக்காரர் புதிதாக ஒரு ஆளைக் கூட்டி வந்திருந்தார். வெல்டிங் பட்டறை நடத்திக்கொண்டே சொந்தக் கையால் ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர் அவர். வந்தவள் அவருடைய கொழுந்தியாள், நாற்பதைத் தொட்ட பெண்மணி. மருத்துவமனையில் டாக்டர்கள் வாயால் சொல்லிப் பதிந்து அனுப்பும் குறிப்புகளைக் கேட்டு டைப் செய்கிற வேலை. பன்னிரண்டு வருஷமாக ஒரே ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, அதன் மெத்தை கிழிந்ததும் துணி சுற்றி வைத்திருந்தாள். நல்லதாக ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்டுப் போக வந்திருந்தாள்.

பல் டாக்டர் அந்தப் பழசைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது என்னம்மா சுத்தியிருக்கீங்க, காலுறையா?"

"துவைச்ச காலுறைதான், டாக்டர்."

அறையே சிரித்தது. லிஃப்ட்காரரும் சிரித்தார். மேஜை மேல் டாக்டர் தருவித்திருந்த புது ஹெட்ஃபோன் பெட்டி பிரித்தபடி இருந்தது. முதலில் விருந்தாளிக்கே கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. அவளும் சமர்த்தாகக் காதைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மாமா, இதுல நான் என்னத்தைக் கேக்கணும்?"

"ஒன்னும் கேக்க வேணாம். சும்மா போட்டுக்க. நாங்க உன் கழுத்தைப் பாத்துக்கறோம்," என்றார் பட்டறைக்காரர்.

"கழுத்தையா? கூட்டிட்டு வந்து நகையை எடை போடறீங்களா?"

லிஃப்ட்காரர் "சமையலறை"யை ஓட விட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய வலது பாதம் தரையில் எதையோ அழுத்துவதும் விடுவதுமாக இருந்ததை அவர் கவனித்தார். அலுவலகத்தில் காலடியில் பெடல் இருக்கும் போலிருக்கிறது, பேச்சை நிறுத்தி நிறுத்திக் கேட்பதற்கு. இல்லாத பெடலை அந்தக் கால் தேடிக்கொண்டிருந்தது. கடிகாரத்தில் இரண்டு நிமிடம் ஆயிற்று. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. கழுத்து திரும்பவில்லை.

"போச்சு," என்று உச்சுக் கொட்டினார் டாக்டர்.

பதிவு முடியும் வரை அவள் அசையவில்லை. முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவங்க போனாங்களா?"

"எவங்க?"

"இந்தம்மாதான். அக்கா கூப்பிட்ட ஊருக்கு."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. டாக்டர்தான் முதலில் சிரித்தார். "அதுல பேச்சு வேற புரியுதா உங்களுக்கு? குழாயில தண்ணி அவ்வளவு ஓடுதே."

"வாயில மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு, நடுவுல கொட்டாவியும் விட்டுக்கிட்டு டாக்டருங்க சொல்றதையே பன்னண்டு வருஷமா எழுதறேன். எனக்கு இது மேடைப் பேச்சு மாதிரி." பிறகு, எழுதியதைச் சரிபார்க்க வாசித்துக் காட்டுவது போல, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள். "'அக்கா தையல் கூடத்தைப் பெருசு பண்றாளாம். பாதி உனக்குத்தான், வந்துடுங்கறா. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம், இல்லன்னா வேற ஆளைச் சேத்துக்குவா. எனக்கு ஆசையா இருக்குங்க. லிஃப்ட் எல்லா ஊர்லயும்தான் இருக்கு, உங்களுக்கு வேலைக்குப் பஞ்சம் வராது. நீங்க என்ன சொல்றீங்க?' அதோட பாத்திரச் சத்தம் நின்னுடுது. தண்ணி மட்டும் ஓடுது. பதில் வரும்னு நிக்கறாங்க. பதினஞ்சு செகண்ட் இருக்கும். அப்புறம்தான் அந்த டங்குன்னு ஒரு சத்தம்."

"கரண்டி விழறது," என்று எடுத்துக் கொடுத்தார் பட்டறைக்காரர்.

"விழல மாமா. போட்டாங்க. தானா விழுந்த கரண்டி ரெண்டு மூணு தடவை துள்ளும். குனிஞ்சு எடுக்கற சத்தமும் இருக்கும். இது ஒரே அறை. மேடை மேல."

எல்லோரும் காது உள்ளவர்கள். ஆயிரம் தடவை கேட்டவர்கள். அந்த உலோகச் சத்தம் எத்தனை அடி தூரத்தில், எந்த உயரத்தில் எழுகிறது என்று மணிக்கணக்காக விவாதித்தவர்கள்.

"அதுக்கப்புறம் பாதியில கட் ஆயிடுதே. அவர் என்னதான் சொன்னார்?" அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மற்றவர்கள் பார்த்த திசையில் பார்த்தபோது அங்கே லிஃப்ட்காரர் இருந்தார்.

"எனக்கு ஞாபகமில்லம்மா," என்றார் அவர்.

சங்கடத்தைக் கலைக்க டாக்டர் வேறொரு ஹெட்ஃபோனை எடுத்தார். லிஃப்ட்காரருக்கு உட்கார முடியவில்லை. இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே பதிவைக் கேட்டுவிட்டு, "குரல் அழகாப் பின்னால ஒதுங்கிடுது, தொந்தரவே இல்ல, அப்படித்தான் இருக்கணும்" என்று ஒரு ஹெட்ஃபோனைத் தான் புகழ்ந்தது நினைவுக்கு வந்தது. போன கூட்டத்தில்தான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"டாக்டர், அந்தப் பதிவை எல்லாரும் அழிச்சிடுங்களேன்," என்றார்.

"என்ன கரண்டி சார் நீங்க. தையக்காரன்கிட்ட வந்து டேப்பைத் தூக்கிப் போடுங்கறீங்க." டாக்டர் அவர் தோளைத் தட்டினார். "அதுவும் என்கிட்ட மட்டுமா இருக்கு? எங்க அத்தான் வெளியூர்ல ஒரு குழு வச்சிருக்காரே, அங்க இருநூறு பேர் இதை வச்சுத்தான் பாக்கறாங்க. அவங்க யார் யாருக்குக் கொடுத்தாங்களோ. வீட்டம்மா உலகப் புகழ், போங்க."

சீக்கிரமே கிளம்பிவிட்டார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், உள்ளே ஏதோ உயிருள்ளது இருப்பது போல.

ஞாபகமில்லை என்றது பொய். வெட்டாத முழுப் பதிவு அவரிடம் இருந்தது. இரண்டு நிமிடம் நாற்பத்தோராவது வினாடியில் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமத் தொடங்கும். நாற்பத்தெட்டில் அவர் குரல் வரும்: "அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்தேன்." ஈரக் காலோடு நடந்துபோய் அவள் ஜன்னலைச் சாத்துவாள். மோட்டார் சைக்கிள் பதிவைக் கெடுக்கிறது, அதனால்தான் அந்த இடத்தில் வெட்டினேன் என்று குழுவில் சொல்லியிருந்தார். தனக்கும் அதையே சொல்லி வைத்திருந்தார். சொல்லச் சொல்லப் பொய்க்கும் ஒரு வழவழப்பு வந்துவிடுகிறது, கைப்பிடிக் கம்பி மாதிரி.

அவருக்கு அன்றைக்கு எல்லாம் கேட்டது. அவள் குரல் ஏறினால் பதிவுக் கருவியில் முள் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, வார்த்தைகள் வந்து விழாமல் இல்லை. அக்கா, பாதி, வெள்ளிக்கிழமை. இப்போது பேசினால் பதிவு கெட்டுவிடும், முடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று அந்தப் பதினைந்து வினாடியும் நினைத்தார். முடிந்ததும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. புது ஊர், புது முதலாளிகள், மனைவியின் அக்கா நிழலில் குடித்தனம் என்றெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் மறுபடி கேட்கவில்லை என்பது வியாழக்கிழமை அவருக்கு நிம்மதியாக இருந்தது. வெள்ளிக்கிழமை இன்னும் நிம்மதியாக இருந்தது. சனிக்கிழமை அவளுக்குப் பிடித்த பலகாரம் வாங்கிப் போனார். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது அக்காவின் கூடத்தில் பதினான்கு மெஷின்கள் ஓடுகின்றன. பாதிக்கு உரியவள் வேறு யாரோ. இங்கே மனைவி முன்னறையில் உட்கார்ந்து, ஒரு கடைக்காகப் பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் தைக்கிறாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். வாயில் நூல். மடியில் வெள்ளைச் சட்டை.

"என்ன, சங்கம் இன்னைக்குச் சீக்கிரம் கலைஞ்சிடுச்சா? ஏழு பேரும் பேசாம இருந்து முடிச்சாச்சா?"

அவர் செருப்பைக் கழற்றாமலே நின்றார். "உங்க அக்கா அன்னைக்கு உன்னைக் கூப்பிட்டாங்களே, தையல் கூடத்துக்கு. நீ ஏன் போகல?"

ஊசி ஒரு கணம் துணியில் நின்றது. பிறகு மறுபக்கம் வந்தது. "எந்தக் காலத்துக் கதை. இப்ப எதுக்குங்க?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கற ஆளா நீங்க." அவள் நூலைக் கடித்தாள். முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "உங்ககிட்ட சொன்னேனே. நீங்கதான் காதுல எதையோ சொருகிக்கிட்டுப் பாட்டு கேட்டுட்டிருந்தீங்க. நான் ஒருத்தி மூச்சு விடாம எல்லாத்தையும் கொட்டிட்டுத் திரும்பிப் பாக்கறேன், மனுஷன் மண்சுவர் மாதிரி உக்காந்திருக்கார். எனக்கு வந்த கோவத்துக்குக் கையில இருந்த கரண்டியை அறைஞ்சேன். அப்பவும் அசையல. அப்புறந்தான் அந்தக் காதைப் பாத்தேன். செவிடன் காதுல சங்கு ஊதின கதைதான். பதிலுக்கு ஜன்னலைச் சாத்துன்னீங்க பாருங்க, சிரிப்பே வந்துடுச்சு."

"மறுபடி ஒரு தடவை சொல்லியிருக்கலாமே."

"மொதத் தடவை சொல்றதுக்கே நாலு நாள் மனசுக்குள்ள ஒத்திகை பாத்தேன். மறுபடி எங்க வரும்." அடுத்த பொத்தானை விரல் நுனியில் எடுத்தாள். "விடுங்க. காதுல விழல, அவ்வளவுதானே. கேட்டுட்டு வேணாம்னு சொல்லியிருந்தாக்கூட ரெண்டு நாள் சண்டை போட்டுட்டு விட்டிருப்பேன். கேட்டுட்டு ஒன்னுமே சொல்லாம இருந்திருந்தா, அது வேற மாதிரி ஆயிருக்கும். அப்படிப்பட்ட ஆள் இல்ல நீங்க. அதுகூடத் தெரியாமயா குடித்தனம் பண்றேன்."

அவர் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார். காதில் விழவில்லை என்று சொல்லி, கதவை அவளே சாத்தி, தாழ்ப்பாளையும் அவளே போட்டுக் கொடுத்துவிட்டாள். அப்படியே விட்டுவிட்டால் போதும். ஆறு வருஷமாக அவளுக்குத் துணையாக இருந்தது அந்த ஒரு எண்ணம்தான். அதையும் பிடுங்குவது எந்த ஊர் நியாயம் என்று நினைத்தார். அப்படி நினைப்பது யாருக்குச் சௌகரியம் என்றும் உடனே தோன்றியது. லிஃப்டில் ஆள் சிக்கிக்கொண்டால் முதலில் மேலேயிருந்து குரல் கொடுக்க வேண்டும் என்பது தொழிலில் முதல் பாடம். இருக்கிறேன், கேட்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் சாவி, திருப்புளி எல்லாம்.

பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து வந்து அவள் முன்னால், சட்டைகளின் மேல் வைத்துத் திறந்தார்.

"அட, இதேதான்," என்றாள். "இன்னுமா வச்சிருக்கீங்க?"

"இது பாட்டு கேக்கற சாமான் இல்ல."

"பின்ன?"

"மைக்."

அவளுக்கு உடனே பிடிபடவில்லை. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "மைக்குன்னா?"

"அன்னைக்கு என் காதுல எதுவும் ஓடல. நீ பேசினது மட்டுந்தான் கேட்டுது. எல்லாமே கேட்டுது."

அவள் அந்தச் சின்னப் பொருளைத் திரும்ப டப்பாவில், அதன் குழியில், ஜாக்கிரதையாகப் பொருத்தினாள். அது உடைந்துவிடக் கூடாதே என்பது போல.

"அப்ப அது இதுக்குள்ள இருக்கா? நான் சொன்னது?"

"இருக்கு."

"வேற யாராவது கேட்டிருக்காங்களா?"

"கேட்டிருக்காங்க."

"எத்தனை பேர்?"

அவருக்கு விடை தெரியவில்லை. அவள் மடியிலிருந்த சட்டையை மடித்து வைத்து எழுந்தாள். தையல் ஸ்டூலைக் கையோடு தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். குழாய் வலப்பக்கம் வரும்படி, மேடை முதுகுக்குப் பின்னால் வரும்படி, அவர் அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"குடுங்க," என்று கையை நீட்டினாள்.

வழக்கப்படி ஹெட்ஃபோனின் மெத்தைகளைப் பஞ்சால் துடைத்தார். இத்தனை வருஷத்தில் இதை ஒருநாளும் அவள் தலையில் வைத்ததில்லை. பட்டையைச் சிறிதாக்க வேண்டியிருந்தது. கூந்தல் கிளிப் இடித்ததால் அவளே அதை உருவி வாயில் கவ்விக்கொண்டாள். வெட்டாத முழுப் பதிவைத் தேடி எடுத்து ஓட விட்டார்.

முதலில் அவள் முகத்தில் ஒரு வியப்பு. கண்கள் குழாயைப் பார்த்தன. குழாய் மூடித்தான் இருந்தது. "என் குரல் இப்படியா இருக்கும்?" என்று, ஹெட்ஃபோன் மாட்டியவர்கள் எல்லோரும் கத்துவது போலவே கத்திக் கேட்டாள். கிளிப் மடியில் விழுந்தது. பிறகு கேட்கவில்லை. உதடுகள் மட்டும் மெல்ல அசைந்தன. நாலு நாள் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள், ஒன்று பிசகாமல் அவளுக்கு நினைவிருந்தன.

அவர் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்க வேண்டியதே இல்லை. ஒன்று ஐம்பத்தேழில் அவள் உதடுகள் நின்றன. அதன் பிறகு தண்ணீர். அந்தப் பதினைந்து வினாடி இவ்வளவு நீளம் என்பது அவருக்குத் தெரியாது. அவள் காத்திருந்தாள், விடை தெரிந்தும், இந்தத் தடவையாவது என்பது போல முகத்தைச் சற்றே நிமிர்த்தி.

இரண்டு பன்னிரண்டில் அவள் தலை இடது தோளுக்குப் பின்னால் திரும்பியது. அங்கே மேடையில் கரண்டி எதுவும் இல்லை. அவர்தான் நின்றுகொண்டிருந்தார். திரும்பிய கண்களை அவள் எடுக்கவில்லை. அவர் குரல் வருவதற்கு இன்னும் முப்பத்தாறு வினாடிகள் இருந்தன.

ஜன்னல் திறந்தே கிடந்தது. வெளியே தெருவில் யாரோ ஒரு மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதைச் சாத்தப் போகவில்லை.